ஒரே ஆண்டில் இறந்தவர்களுக்குள் என்ன உறவு?

ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பது வினாடி வினாக்களில் அடிக்கடி வரும் தகவல். நாள், 1616 ஏப்ரல் 23. ஆங்கிலத்தின் மிகப் பெரிய நாடகாசிரியரும் ஸ்பானிய மொழியின் மிகப் பெரிய நாவலாசிரியரும் ஒரே நாளில் கண்மூடினார்கள் என்றால், கேட்கவே ஒரு மாதிரி சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. 1995-ல் யுனெஸ்கோ ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாளாக அறிவித்ததற்கும் இந்த ஒற்றுமை ஒரு காரணம்.

ஆனால் அவர்கள் ஒரே நாளில் இறக்கவில்லை. செர்வாண்டிஸ் மாட்ரிட்டில் உயிர்விட்டது ஏப்ரல் 22 என்றுதான் இன்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 23 என்பது அவரை அடக்கம் செய்ததாகத் தேவாலயப் பதிவேடு சொல்லும் தேதி. ஷேக்ஸ்பியர் இறந்தது ஏப்ரல் 23 என்று ஸ்ட்ராட்ஃபோர்டு தேவாலயத்தில் உள்ள நினைவுச் சின்னம் சொல்கிறது. சரி, ஒரு நாள் வித்தியாசம்தானே என்று விட்டுவிட முடியாது. போப் 13-ஆம் கிரிகோரி கொண்டுவந்த புதிய நாட்காட்டிக்கு ஸ்பெயின் 1582-லேயே மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியை விடவே இல்லை. இரண்டுக்கும் இடையே அப்போது 10 நாள் இடைவெளி. ஷேக்ஸ்பியர் இறந்த அன்று மாட்ரிட்டில் தேதி மே 3. செர்வாண்டிஸ் இறந்து 11 நாட்கள் ஆகியிருந்தன.

ஆக, நாள் போய்விட்டது. ஆண்டு மட்டும் மிச்சம். அந்த ஆண்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இன்கா அரச குடும்பத்துப் பெண்ணுக்கும் ஸ்பானிய வீரருக்கும் பிறந்து, பெருவின் வரலாற்றை எழுதிய கார்சிலாசோ தெ லா வேகா அதே ஏப்ரலில் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் இறந்தார். ஜப்பானை ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த தோகுகாவா இயேயாசு ஜூனில் இறந்தார். சீன நாடகாசிரியர் தாங் சியன்சு ஜூலையில் இறந்தார். 400 ஆண்டுகள் கழித்து, 2016-ல், தாங்கையும் ஷேக்ஸ்பியரையும் சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒருவர் பெயரை மற்றவர் கேள்விப்பட்டிருக்க எந்த வழியும் இல்லை.

இந்த மாதிரிப் பட்டியல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் எழும். இவர்களைச் சேர்த்து வைத்தது எது? உண்மையிலேயே ஏதாவது பொதுக் காரணமா, வெறும் நாட்காட்டியா, அல்லது பின்னால் வந்து பட்டியல் போட்டவரின் ஆசையா?

நாட்காட்டியின் வேலையை முதலில் பார்த்துவிடலாம். ஓர் ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதில்கூட மனிதர்கள் நீண்ட காலம் ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் 1752 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. முதலாம் எலிசபெத் இறந்தது மார்ச் 24. நம் புத்தகங்களில் அது 1603. லண்டன் எழுத்தர்களுக்கோ அது 1602-இன் கடைசி நாள். இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பின் அரியணை ஏறிய ஜேம்ஸ் அப்போது இருந்தது ஸ்காட்லாந்தில். அந்த நாடு 1600-லேயே ஜனவரி 1-ஐப் புத்தாண்டாக ஏற்றுக்கொண்டிருந்தது. ராணி இறந்தது லண்டனில் ஓர் ஆண்டு, எடின்பரோவில் வேறோர் ஆண்டு.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார் என்ற பிரபலமான வாசகமும் இதே வகைதான். கலிலியோ இறந்தது புதிய நாட்காட்டியின்படி 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது பழைய நாட்காட்டியின்படி 1642 கிறிஸ்துமஸ் அன்று. இரண்டையும் புதியதில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. கலிலியோ வாழ்ந்த ஃப்ளோரன்ஸ் பகுதியின் வழக்கப்படியோ புத்தாண்டு மார்ச் 25 என்பதால், அவர் இறந்தது 1641. இரண்டு நாட்டு நாட்காட்டிகளைக் கலந்தால்தான் அந்த அழகான தொடர்ச்சி கிடைக்கும். ஒருவர் விட்டுப்போன அறிவு மற்றவருக்குள் புகுந்தது என்று சொல்ல விரும்புபவர்கள் இந்தக் கலப்பைக் கண்டுகொள்வதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவிலாவின் தெரசா. ஸ்பெயினின் அந்தப் பெரும் துறவி 1582 அக்டோபர் 4 இரவில் இறந்தார். ஸ்பெயின் புதிய நாட்காட்டிக்கு மாறிய இரவும் அதுதான். மறுநாள் விடிந்தபோது தேதி அக்டோபர் 15. அவரது திருநாளைக் கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் அக்டோபர் 15 அன்றுதான் கொண்டாடுகிறது.

அடுத்து கணக்கு. ஒரே ஆண்டில் இரண்டு பெரியவர்கள் இறப்பது எவ்வளவு அரிது? நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஓர் அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பது புகழ்பெற்ற கணக்கு. அதையே இறந்த ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 ஆண்டு காலத்தில் ஏதோ ஓர் ஆண்டில் இறந்தவர்கள் என்று 17 பேரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே போதும்; அவர்களில் இருவருக்காவது ஒரே ஆண்டு அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். வரலாற்றுப் புத்தகங்களில் இருப்பதோ 17 பேர் அல்ல, பல்லாயிரம் பேர். எந்த ஆண்டைத் தொட்டாலும் ஒரு ராஜா, ஒரு கவிஞர், ஒரு விஞ்ஞானி கிடைப்பார்கள். 1827-ஐ எடுத்தால் பீத்தோவன், வோல்டா, லாப்லாஸ், வில்லியம் பிளேக். 1883-ஐ எடுத்தால் கார்ல் மார்க்ஸ், வாக்னர், மானே, துர்கனேவ். இதில் வியக்க ஒன்றும் இல்லை. பொருந்தாத ஆயிரக்கணக்கான ஜோடிகளை யாரும் எழுதி வைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கணக்கைச் சொன்ன பிறகும் வாயடைக்க வைக்கும் சம்பவங்கள் உண்டு. 1826 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் சரியான 50-ஆம் ஆண்டு நிறைவு நாள். அன்று நண்பகல் கடந்ததும், பிரகடனத்தை எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் தன் 83-ஆம் வயதில் இறந்தார். அன்று மாலையே, அதை நிறைவேற்றப் போராடிய ஜான் ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் 90 வயதில் இறந்தார். இருவரும் முன்னாள் அதிபர்கள். நண்பர்களாக இருந்து, அரசியலில் எதிரிகளாகி, முதுமையில் கடிதங்கள் வழியே மறுபடி நண்பர்கள் ஆனவர்கள். ஜெஃபர்சன் இன்னும் உயிரோடிருக்கிறார் என்ற பொருளில் ஆடம்ஸ் கடைசியாக ஏதோ சொன்னதாகச் சொல்கிறார்கள். அதற்குச் சில மணி நேரம் முன்பே ஜெஃபர்சன் போய்விட்டிருந்தார்.

அப்போது அதிபராக இருந்தவர் ஆடம்ஸின் மகன் ஜான் குவின்சி ஆடம்ஸ். அவர் இதைக் கடவுள் அருளின் வெளிப்படையான அடையாளம் என்றே தன் நாட்குறிப்பில் எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1831-ல், இன்னொரு முன்னாள் அதிபர் ஜேம்ஸ் மன்றோவும் ஜூலை 4 அன்றே இறந்தார். முதல் ஐந்து அதிபர்களில் மூன்று பேர்!

இங்கே தற்செயல் என்ற சொல் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். ஜெஃபர்சன் பல நாட்களாகப் படுத்த படுக்கை. ஜூலை 3 இரவிலேயே, நான்காம் தேதி ஆகிவிட்டதா என்று அருகில் இருந்தவர்களிடம் கேட்டிருக்கிறார். கொண்டாட்டத்துக்கு அழைப்பு இருவருக்கும் வந்திருந்தது. ஊர் முழுக்க அந்த நாளைப் பற்றியே பேச்சு. சாவின் விளிம்பில் இருக்கும் முதியவர் ஒரு நாளுக்காக உயிரைப் பிடித்துவைக்க முடியுமா என்பதை நிரூபிப்பது கடினம். ஆனால் அவர்கள் மனத்தில் அந்த நாள் இருந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஷேக்ஸ்பியருக்கும் செர்வாண்டிஸுக்கும் அப்படி எதுவும் இல்லை.

பொதுக் காரணம் உள்ள இறப்புகளுக்கு மிகப் பழைய உதாரணம் கிரேக்கத்தில் இருக்கிறது. அரிஸ்டாட்டிலும் பேச்சாளர் டெமாஸ்தனிஸும் பிறந்தது கி.மு. 384-ல். இருவரும் இறந்தது கி.மு. 322-ல். இது வெறும் எண் விளையாட்டு போலத் தெரியும், காரணத்தைப் பார்க்கும் வரை. அதற்கு முந்தைய ஆண்டு அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்தார். செய்தி வந்ததும் ஏதென்ஸ் மாசிடோனியாவுக்கு எதிராகக் கிளர்ந்தது. அலெக்சாண்டரின் ஆசிரியர் என்ற பெயரோடு ஏதென்ஸில் இருந்த அரிஸ்டாட்டிலுக்கு நெருக்கடி. ஊரை விட்டு யூபியா தீவின் கால்கிஸுக்குப் போய், மறு ஆண்டு நோயில் இறந்தார். டெமாஸ்தனிஸோ மாசிடோனியாவின் பரம எதிரி. கிளர்ச்சி தோற்றதும் அவர் தப்பியோடி, ஒரு தீவில் போசைடன் கோவிலில் தஞ்சம் புகுந்து, பிடிக்க ஆள் வந்தபோது நஞ்சு உண்டார்.

அலெக்சாண்டரின் சாவு மாசிடோனியாவின் நண்பரை ஊரை விட்டுத் துரத்தியது. எதிரியின் உயிரைக் குடித்தது. இதில் ஆன்டிபேட்டர் என்ற தளபதியையும் சேர்க்க வேண்டும். டெமாஸ்தனிஸைப் பிடிக்க ஆள் அனுப்பியவர் அவர். தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அரிஸ்டாட்டில் ஒப்படைத்திருந்ததும் அவரிடமே. பழைய எழுத்தாளர்கள் இதோடு நிற்கவில்லை. ஞானி டயோஜினிஸ் அலெக்சாண்டர் இறந்த அதே நாளில் இறந்தார் என்றும் எழுதி வைத்தார்கள். பேரரசனையும் கோவணாண்டியையும் ஒரே நாளில் அனுப்பி வைக்கும் கதையை யார்தான் விடுவார்கள்? அது கதை. 322 வரலாறு.

ஒரு சகாப்தம் முடிந்தது என்ற பேச்சுக்கு வருவோம். ஒரே ஆண்டில் ஒரு துறையின் பெரிய ஆட்கள் அடுத்தடுத்துப் போனால் நாம் உடனே சொல்வது இதுதான். வியன்னாவின் 1918 அப்படி ஓர் ஆண்டு. பிப்ரவரியில் ஓவியர் குஸ்தாவ் கிளிம்ட், 55 வயது. ஏப்ரலில் கட்டடக் கலைஞர் ஓட்டோ வாக்னர், 76 வயது. அக்டோபரில் வடிவமைப்பாளர் கோலோமன் மோசர், 50 வயது. அதே மாதக் கடைசி நாளில் ஓவியர் ஈகோன் ஷீலே. வயது 28 தான். மூன்று நாள் முன்புதான் கர்ப்பிணியான அவர் மனைவியும் போயிருந்தார். அடுத்த இரண்டு வாரத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசே இல்லாமல் போனது. ஒரு நாகரிகத்தின் இறுதி அத்தியாயம் என்று எழுத இதைவிட என்ன வேண்டும்?

காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் அந்த ஓவியம் கலைந்துவிடுகிறது. கிளிம்ட்டுக்குப் பக்கவாதம், அதைத் தொடர்ந்து நிமோனியா. மோசருக்குப் புற்றுநோய். ஷீலேயையும் அவர் மனைவியையும் கொன்றது உலகம் முழுவதும் பரவிய ஸ்பானிய ஃப்ளூ. பேரரசை முடித்தது போர்த் தோல்வி. ஒன்றோடொன்று பின்னிய நிகழ்வுகள் போலத் தோன்றினாலும், போர் நடக்காமல் இருந்திருந்தாலும் மோசர் இறந்திருப்பார். ஷீலே கதை வேறு. போர்வீரர்களின் நடமாட்டமும், போர்க்காலப் பசியும் நெரிசலும் இல்லாமல் அந்தக் காய்ச்சல் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்குமா என்பது நியாயமான கேள்வி. சில நாட்கள் கழித்து, போர் முடிவதற்கு இரண்டே நாள் முன்பு, பாரிஸில் கவிஞர் அப்போலினேரையும் அதே காய்ச்சல்தான் கொண்டுபோனது. ஷீலேயோடு சேர்த்து எழுத வேண்டியவர் அப்போலினேர், மோசர் அல்ல.

சீனாவின் 1976-ல் நிலைமை தலைகீழ். ஜனவரியில் பிரதமர் சோ என்லாய், ஜூலையில் செஞ்சேனையைக் கட்டிய சூ தே, செப்டம்பரில் மாவோ. வயது முறையே 77, 89, 82. காரணம் எளிமையானது: புரட்சியைச் சேர்ந்து நடத்தியவர்கள் சேர்ந்தே முதுமை அடைந்தார்கள். ஆனால் இங்கே ஒரு சாவு வெறும் சாவாக நிற்காமல் வேலை செய்தது. சோவுக்கு அஞ்சலி செலுத்த ஏப்ரலில் தியானன்மென் சதுக்கத்தில் கூடிய கூட்டம் ஆட்சிக்கு எதிரான போராட்டமாக மாறியது. அதைக் காரணம் காட்டி தெங் சியாவோபிங் பதவி இழந்தார். ஜூலை 28-ல் தாங்ஷான் நிலநடுக்கம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாவோ இறந்து ஒரு மாதத்துக்குள் அவர் மனைவி உட்பட நால்வர் குழு கைதானது. சீனாவுக்கு 1976 உண்மையாகவே ஒரு கோடு.

1945-ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரூஸ்வெல்ட், முசோலினி, ஹிட்லர் மூவரும் ஏப்ரல் 12-க்கும் 30-க்கும் இடையில் இறந்தார்கள். கடைசி இருவரின் சாவுக்குப் போரே நேரடிக் காரணம். ரூஸ்வெல்ட் மூளை ரத்தக்கசிவில் இறந்தார். 1948-ல் காந்தியும் ஜின்னாவும். ஒருவர் துப்பாக்கிக் குண்டுக்கு, மற்றவர் நுரையீரல் நோய்க்கு. இரண்டு புதிய நாடுகளும் 13 மாதத்துக்குள் தங்கள் பெயரோடு ஒட்டியிருந்த தலைவரை இழந்தன. அந்த இழப்பு வந்த விதம் வேறு, இரு நாடுகளிலும் அது விட்டுச்சென்ற விளைவும் வேறு.

ஒரே காலத்தில் இறப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. ஒரு சாவு மற்றொன்றை விழுங்கிவிடும். 1953 மார்ச் 5 மாலை மாஸ்கோவில் இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியேவ் இறந்தார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்டாலின் இறந்தார். புரோகோஃபியேவின் வீடு செஞ்சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஸ்டாலினைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் சவ ஊர்தி அந்தத் தெருப்பக்கமே வர முடியவில்லை. ஊரில் இருந்த பூவெல்லாம் ஸ்டாலினுக்குப் போய்விட்டது. நாட்டின் முதன்மையான இசை இதழ் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை ஸ்டாலினுக்கு ஒதுக்கிய பிறகே இசையமைப்பாளருக்கு இடம் கொடுத்தது. இதே ஸ்டாலின் ஆட்சிதான் 1948-ல் புரோகோஃபியேவின் இசையைக் கண்டித்து, அவருடைய பல படைப்புகளை மேடையேற விடாமல் செய்தது. சாவில்கூட அந்த மனிதருக்கு நிம்மதி கிடைக்கவில்லை.

1963 நவம்பர் 22-க்கும் இதே கதை. கென்னடி டல்லாஸில் சுடப்பட்ட அன்று ஆக்ஸ்ஃபோர்டில் சி.எஸ். லூயிஸும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் இறந்தார்கள். சாதாரண நாளாக இருந்திருந்தால் இரண்டுமே பெரிய செய்திகள். அன்று யார் கண்ணிலும் படவில்லை. 1997-ல் இளவரசி டயானா ஆகஸ்ட் 31-ல் இறக்க, அன்னை தெரசா செப்டம்பர் 5-ல் மறைந்தார். அன்று உலகத் தொலைக்காட்சிகளின் கேமராக்கள் எல்லாம் லண்டனில் இருந்தன. மறுநாள் டயானாவின் இறுதி ஊர்வலம்.

இந்த நிழல் விஷயம் எந்த ஆண்டு பட்டியலுக்கும் பொருந்தும். யார் யாரைச் சேர்த்து எழுதுகிறோம் என்பது யார் பெயர் நம்மை வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. இதற்கு நான் எடுத்துக்கொள்ள விரும்பும் ஆண்டு 1799. பிரபலமான பட்டியல்களில் இது அதிகம் வருவதில்லை. ஆனால் இதில் இறந்தவர்களைப் போல ஒருவரோடு ஒருவர் சிக்கிக்கொண்டவர்கள் வேறு எங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பிப்ரவரி 7: பெய்ஜிங்கில் சீனப் பேரரசர் சியன்லோங், 87 வயது. மே 4: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான். ஆகஸ்ட் 29: பிரான்சின் வாலான்ஸ் நகரில் கைதியாக இருந்த போப் ஆறாம் பயஸ். அக்டோபர் 16: கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட வீரபாண்டிய கட்டபொம்மன். டிசம்பர் 14: மவுண்ட் வெர்னனில் ஜார்ஜ் வாஷிங்டன்.

முதலில் எளிதான முடிச்சு. திப்புவின் சாவும் கட்டபொம்மனின் சாவும் ஒரே சங்கிலி. கிஸ்தி விவகாரத்தில் பாஞ்சாலங்குறிச்சிக்கும் கம்பெனிக்கும் மோதல் முன்பே முற்றியிருந்தது. 1798-ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனுடனான சந்திப்பு கைகலப்பில் முடிந்தது. ஆனாலும் கம்பெனி உடனே பாயவில்லை. படைகளை மைசூர்ப் போருக்கு இழுக்க வேண்டியிருந்தது. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கை விடுபட்டது. செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையின் முன்னால் நின்றார். தப்பிய கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமையில் பிடிபட்டு, கயத்தாறில் மற்றப் பாளையக்காரர்கள் முன்னிலையில் தூக்கிலிடப்பட்டார். மைசூர் இன்னும் ஓர் ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் பாஞ்சாலங்குறிச்சியின் கதை வேறு தேதிகளோடு எழுதப்பட்டிருக்கும்.

வாஷிங்டன் எங்கிருந்து வந்தார்? 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் போரில் இறங்கியது. பதிலுக்குப் பிரிட்டிஷார் 1779-ல் மலபாரில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த மாஹேயைப் பிடித்தார்கள். மாஹே தன் பாதுகாப்பில் உள்ளது என்று கருதிய திப்புவின் தந்தை ஹைதர் அலி கொதித்து, 1780-ல் அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் சீமை மேல் படையெடுத்தார். அதாவது யார்க்டவுனில் வாஷிங்டனும் ஆற்காட்டுப் பகுதியில் ஹைதரும் திப்புவும் போரிட்டது ஒரே உலகப் போரின் இரண்டு முனைகளில். அமெரிக்கர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. 1782-ல் பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘ஹைதர் அலி’ என்றே பெயர் வைத்திருந்தது. யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த பிரிட்டிஷ் படையின் தளபதி கார்ன்வாலிஸ். அதே கார்ன்வாலிஸ் பிறகு கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792-ல் திப்புவின் ராஜ்யத்தில் பாதியையும், பணயமாக அவருடைய இரண்டு மகன்களையும் வாங்கிக்கொண்டு போனார்.

சியன்லோங்கை இணைப்பவர் இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரி, ஜார்ஜ் மக்கார்ட்னி. 1781 முதல் 1785 வரை மதராஸ் கவர்னர். திப்புவோடு 1784-ல் மங்களூர் ஒப்பந்தம் ஏற்பட்டது அவர் காலத்தில்தான். அவரையே 1792-ல் பிரிட்டன் சீனாவுக்குத் தூதராக அனுப்பியது. பேரரசர் முன் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் படவைப்பதா வேண்டாமா என்று பெரிய இழுபறி. கடைசியில், உங்கள் சரக்கு எதுவும் எங்களுக்குத் தேவையில்லை என்ற பொருளில் மூன்றாம் ஜார்ஜுக்குக் கடிதம் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் சியன்லோங். தாத்தா காங்சி ஆண்ட 61 ஆண்டுகளை மிஞ்சக் கூடாது என்று 1796-ல் மகனிடம் அரியணையைக் கொடுத்தவர் அவர். அதிகாரத்தை மட்டும் சாகும் வரை கொடுக்கவில்லை. அவர் இறந்த மறு கணமே மகன் கை வைத்தது தந்தையின் செல்லப்பிள்ளை ஹெஷென் மீது. ஊழலில் கொழுத்த அந்த அமைச்சர் 15 நாளில் தற்கொலை செய்துகொள்ளக் கட்டாயப்படுத்தப்பட்டார். ஒருவரின் உயிர் இன்னொருவரின் பாதுகாப்பாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இந்த ஐந்து பேரில் தொடர்பு மிகக் குறைவாகத் தெரிவது வாஷிங்டனின் சாவுதான். பனிமழையில் குதிரையில் சுற்றி வந்து, தொண்டை அடைத்துப் படுத்தார். மருத்துவர்கள் ஒரே நாளில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். மொத்தம் இரண்டு லிட்டருக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். அன்றைய மருத்துவத்தில் அது வழக்கமான சிகிச்சை. அரசியல் எதுவும் அதில் இல்லை.

இவர்களுக்கெல்லாம் அது 1799 என்பதே நாம் போடும் கணக்கு. சீனாவில் அது சியன்லோங்கின் மகன் ஜியாசிங் ஆட்சியின் நான்காம் ஆண்டு. சியன்லோங் இறந்தது அதன் மூன்றாம் நாள். திப்பு தன் ஆட்சிக்கென்று நபிகள் பிறந்ததிலிருந்து எண்ணும் தனி ஆண்டு முறையே வைத்திருந்தார். போப்பைச் சிறையெடுத்த பிரான்சில் புரட்சி நாட்காட்டி நடந்துகொண்டிருந்தது; அதில் புத்தாண்டு செப்டம்பர் இறுதியில். அந்தக் கணக்கில் சியன்லோங்கும் திப்புவும் போப்பும் ஏழாம் ஆண்டில் இறந்தவர்கள், கட்டபொம்மனும் வாஷிங்டனும் எட்டாம் ஆண்டில். என் பட்டியலே இரண்டாக உடைந்துவிடுகிறது. ஆனால் கார்ன்வாலிஸும் மக்கார்ட்னியும் போட்ட முடிச்சுகளை எந்த நாட்காட்டியாலும் அவிழ்க்க முடியாது.

கடைசியாக ஒருவர் மிச்சம், அவர் 1799-ல் இறக்கவில்லை. எகிப்தில் படையோடு இருந்த நெப்போலியன் போனபார்ட், அந்த ஆண்டு ஜனவரியில் கெய்ரோவிலிருந்து திப்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்களை ஆங்கிலேயரின் இரும்புப் பிடியிலிருந்து விடுவிக்க வருகிறேன் என்ற சாரத்தில். கடிதம் வழியிலேயே பிரிட்டிஷாரிடம் சிக்கியது. பிரெஞ்சுக்காரர்களோடு திப்பு கூட்டுச் சேர்கிறார் என்ற அச்சத்தைக் காட்டியே அப்போதைய கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி போர் தொடுத்தார். நான்கு மாதத்தில் திப்பு இல்லை. நவம்பரில் நெப்போலியன் பிரான்சின் ஆட்சியைப் பிடித்தார். பல மாதங்களாக அடக்கம் முழுமையாகாமல் கிடந்த போப்பின் உடலை மரியாதையோடு புதைக்க ஆண்டின் கடைசியில் உத்தரவிட்டார். பிரெஞ்சுக் கத்தோலிக்கர்களின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. 1800 பிப்ரவரியில், வாஷிங்டன் இறந்த செய்தி கிடைத்ததும், 10 நாள் துக்கம் அறிவித்து ராணுவக் கொடிகளில் கறுப்புத் துணி கட்டச் சொன்னார். குடியரசைக் காக்கும் தளபதி என்ற பெயரும் தேவைப்பட்டது. பாரிஸில் வாஷிங்டனுக்கான புகழுரை நடந்த அதே விழாவில், எகிப்துப் போரில் பிடித்த கொடிகளைக் காட்சிக்கு வைத்தார்கள். திப்புவுக்கு உதவ வருவதாகச் சொன்ன படை பிடித்த கொடிகள் அவை. அந்த விழாவின் புகழுரை வாஷிங்டனுக்கு மட்டும்தான்.